நாற்பத்தொன்றாம் கட்டத்தில் இரண்டு அடி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை காயத்ரி மடிக்கணினியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர் கோயம்புத்தூர், இப்போது வீடு ஆக்லாந்தின் தகனினியில். மூன்று பாடசாலைகளின் டிரம் குழுக்களைப் பழக்குகிறார். பதினேழு பதினெட்டுப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து நடனத்துக்கு வாசிக்கிற ஜாஸ் குழுவைப் பிக் பாண்ட் என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பழைய மெட்டை, நடந்துகொண்டே வாசிக்கிற குழுவுக்காகப் பிரித்து எழுதியிருந்தார். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் முழுக் குழுவும் வாசித்துக் காட்டுகிறது. நான் அதைக் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் ஒரே ஒரு வரியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன்.

"அங்கிள், மேல பதினஞ்சு லைன் இருக்கு. நீங்க ஏன் பெரிய டிரம் லைனை மட்டும் பாக்குறீங்க?"

"பழக்கம் பிள்ளை."

"பழக்கம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?"

இருக்கிறது. அதைச் சொல்லத் தொடங்கியதில் தேத்தண்ணீர் இரண்டு முறை ஆறிப்போனது. என் மனைவி ரஞ்சி, "நீங்கள் கதைச்சு முடிய அந்தப் பிள்ளைக்குப் பின்னேரமாகிடும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று காயத்ரியை அனுப்பி வைத்தேன். இது அந்த மிச்சம்.

நான் தொழில் கற்ற கதை ஒரு மூச்சில் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் படித்த கல்லூரியின் பாண்டில் ஐந்து வருடம் சிறு டிரம் அடித்தேன். முன்னால் போகிறவர் விசில் ஊதினால் தொடங்குவோம், விசில் ஊதினால் நிறுத்துவோம். பிறகு கொழும்பில் ஒரு வாத்தியக் கடையில் பதினோரு வருடம் பழுது பார்த்தேன். நெளிந்த டிரம்போன் குழலை நிமிர்த்துவது, டிரம்முக்குத் தோல் மாற்றுவது, அச்சில்லாத இசைத்தாள்களைக் கையால் பிரதி எடுப்பது எல்லாம் அங்கேதான் கைவந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரஞ்சியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஆக்லாந்துக்கு வந்து மங்கரேயில் ஒரு சின்ன வீட்டை ரென்ற்றுக்கு எடுத்தோம்.

நாலு மாதம் வேலை தேடிய பிறகு பென்ரோஸில் ஒரு வாத்தியப் பட்டறை கூப்பிட்டது. அதன் பொறுப்பாளர் மார்கரெட். அறுபதை நெருங்குகிற வெள்ளைக்காரப் பெண்மணி, வலது காதில் எப்போதும் ஒரு பென்சில். பக்கத்துக் காகிதப் பெட்டித் தொழிற்சாலை தன் தொழிலாளருக்காக ஒரு பித்தளை பாண்ட் வைத்திருந்தது. அதற்கும் அவர்தான் தலைவி. பட்டறை அந்த பாண்டின் வாத்தியங்களைப் பராமரிக்கும், தாள்கள் எழுதும், டிரம் அடிப்பவர்களைப் பழக்கும். அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஆள் தேவைப்பட்டது.

(இனி வருகிற பேச்சில் பாதி ஆங்கிலத்தில் நடந்தது. என் வாயில் வருகிற தமிழில்தான் எழுதுகிறேன். மார்கரெட் யாழ்ப்பாணத்தார் போலக் கதைக்கிறாரே என்று யாரும் கேட்கக் கூடாது.)

"பித்தளை பாண்ட் வேலை தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"தெரு அணிவகுப்பு?"

"ஓம், எல்லாம் தெரியும்."

நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தவன் வேறு என்ன சொல்லுவான்? "தெரியாது" என்ற சொல்லை நான் விமானத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆறு மாதச் சோதனைக் காலம், அதன் முடிவில் பார்ப்போம் என்றார் மார்கரெட். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நா எழவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் எனக்கு "மேடம்" தான்.

அவரிடம் நான் முதலில் கற்றது ஒரு டிரம்முக்குத் தோல் இறுக்குவது. பதினோரு வருடம் செய்த வேலையைத் திரும்பக் கற்றேன் என்றால் சிரிப்பீர்கள். தோலை வளையத்தில் வைத்து, சுற்றியிருக்கிற திருகுகளைக் கையால் பிடிக்கிற மட்டும் இறுக்க வேண்டும். பிறகு சாவியால் ஒரு திருகுக்குக் கால் சுற்று. அடுத்தது பக்கத்துத் திருகு அல்ல, நேர் எதிரில் இருப்பது. அதற்கும் கால் சுற்று. இப்படி எதிரெதிராக ஒரு வட்டம் முடிந்ததும், ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே விரலால் தட்டிக் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வரும்வரை அடுத்த வட்டத்துக்குப் போகக் கூடாது. இதுவரைக்கும் எனக்குத் தெரிந்ததுதான். அதன் பிறகு மார்கரெட் என்னை டிரம்மோடு வாசலில் நிறுத்திவிட்டு, கார்கள் நிற்கும் முற்றத்தின் மறுகோடிக்கு நடந்து போய், திரும்பி நின்று, அடிக்கச் சொல்லுவார். அங்கிருந்து தலையை ஆட்டினால்தான் வேலை முடிந்தது.

"டிரம் உம்முடைய காதுக்கில்லை. தெருவில மற்றக் கரையில நிக்கிற ஆளுக்கு," என்பார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒத்திகையில் யாராவது பிழைவிட்டால் கையை இறக்கி, "தாங்க் யூ" என்பார். அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஒரே அர்த்தம், நிறுத்துங்கோ என்பது. நான் எழுதிய தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கோடு கோணியிருந்தால் "தாங்க் யூ". வாசிப்பவர் கை ஓய்ந்திராத இடத்தில் பக்கம் திருப்ப வேண்டி வந்தால் அதற்கும் "தாங்க் யூ". முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்த நன்றிகள் ஏராளம்.

ஒரு நாள் அவருக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு வீடியோ கசற் தபாலில் வந்தது. அங்கே டிரம் கோர் என்று ஒன்று உண்டு. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஊதுகுழல்களோடும் டிரம்களோடும் விளையாட்டு மைதானத்தில் கோலம் போடுவது போல நடந்து வாசிப்பார்கள். அவர்களில் ஒரு குழு பிக் பாண்ட் ஜாஸ் மெட்டுகளையே அணிவகுப்புக்கு மாற்றி எழுதியிருந்தது. அமெரிக்கக் கசற் எங்கள் இயந்திரத்துக்கு ஒத்துவரவில்லை. படம் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழும் ஓடியது. சத்தம் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு நாள் அதைக் கேட்டோம். பார்த்தோம் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய மெட்டு எப்படிக் கேட்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. எப்படி நடக்கிறது என்று தெரியவில்லை. பின்னால் வந்த வினைக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

மார்கரெட்டின் தகப்பன் இந்த ஊர் நடன மண்டபங்களில் டிரம்போன் வாசித்தவர். பிக் பாண்ட் சத்தத்தில் வளர்ந்தவர் மார்கரெட். முப்பது வருடமாகத் தெருவில் அதே பழைய மார்ச்சுகளையே வாசித்து வந்தவருக்கு இப்போது ஆசை பிடித்துவிட்டது.

"இந்த வருசப் போட்டிக்கு எங்கட பாண்ட் ஸ்விங் வாசிக்கப் போகுது," என்றார். "ஊதுற பகுதியெல்லாம் நான் எழுதுறன். டிரம் உம்முடைய பொறுப்பு."

"ஓம் மேடம்," என்றேன். ஸ்விங் என்றால் என்னவென்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

கசற்றில் இருந்த சத்தத்தை ஒரு ஒலிநாடாவில் பதிந்து காரில் போட்டுக் கேட்டேன். மங்கரேயில் இருந்து பென்ரோஸ் வரைக்கும், திரும்பவும். ரஞ்சி பக்கத்தில் இருந்தால், "இஞ்சேருங்கோ, ஸ்டியரிங்கில தாளம் போடாமல் ரோட்டைப் பாருங்கோ" என்பாள். மூன்றாம் வாரம் அது பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் மிருதங்க வகுப்பு நடக்கும். ஓர் அடியை மூன்றாகப் பிரித்து "தகிட, தகிட" என்று சொல்லுவார்கள். அதில் நடு எழுத்தை வாய்க்குள் விழுங்கிவிட்டால் வருகிற நொண்டி நடைதான் ஸ்விங். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோசத்தை வேலை கிடைத்த நாளில்கூட நான் அனுபவிக்கவில்லை.

அடுத்தது பிரிக்கிற வேலை. பிக் பாண்டில் ஒரே டிரம்காரர் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் இரண்டு காலாலும் எல்லாவற்றையும் வாசிக்கிறார். தெருவில் உட்கார முடியாது. அந்த ஒரு ஆளை வெட்டி ஆறு பேருக்குப் பங்கு போட வேண்டும். இடது கையில் இருந்தது சிறு டிரம் இருவருக்கு. வலது கையின் நொண்டி நடை இன்னும் இருவருக்கு. இடது கால் மிதிக்கிற தாளம் கைத்தாளம் அடிப்பவருக்கு. வலது கால் பெரிய டிரம்முக்கு. பின்னால் நின்று தும்தும் என்று நடந்துகொண்டே இருக்கிற பேஸ் வாத்தியத்துக்கு மட்டும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. இருபத்தெட்டுச் சோடி சப்பாத்துகள் அந்த வேலையைச் செய்தன.

பெரிய டிரம் சியோனேயிடம் இருந்தது. தொங்காத் தீவுக்காரர், என் வயது, விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை. முன்னொரு காலத்தில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவர், வேலை மாறியும் பாண்டை விடவில்லை. அந்த டிரம்மை அவருக்கு முன் அவருடைய தகப்பன் சுமந்தவர். சியோனே கதைப்பது குறைவு. நான் "தகிட" சொல்லிக் கொடுத்ததும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, சரக்குப் பெட்டிகளைத் தூக்கும்போதும் அதையே சொல்லுவதாகச் சொன்னார். விமான நிலையத்தில் பாதிப் பேர் அப்போது தகிட சொன்னார்களாம்.

பிக் பாண்ட் டிரம்காரர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. ஊதுகுழல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய முழக்கம் கொடுக்கப் போகிற நேரம், அதற்குச் சற்று முன்னால் வலது காலால் எதிர்பாராத இடத்தில் டம் டம் என்று கொடுப்பார்கள். முழக்கத்துக்குக் கதவு திறந்துவிடுவது போல. மார்கரெட் அதைக் குண்டு போடுவது என்று சொன்னார், தொழிலில் அதுதான் பெயர். நாங்கள் விட்டுவிட்டு வந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தத்தால் எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. உதை என்று பெயர் வைத்தேன். தாளை நாலு நாலு அடிக் கட்டங்களாகப் பிரித்திருப்போம். நாற்பத்தொன்றாவது கட்டத்தில், முழக்கத்துக்கு ஒரு வரி முன்னால், சியோனேயின் தாளில் இரண்டு உதை எழுதினேன். நான் எழுதியதிலேயே அழகான இடம் அதுதான் என்று எனக்கு ஒரே புளுகமும் பெருமையும்.

சியோனே அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"அன்ரன், இது டபுள் டப் மாதிரி இருக்கே?"

டபுள் டப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் நான் அவருக்குப் பழக்குகிறவன். எல்லாம் தெரியும் என்று சொல்லி வேலைக்கு வந்தவன். தெரிந்தவன் போலத் தலையை ஆட்டினேன்.

"இது ஜாஸ். எழுதினபடி அடி," என்றேன்.

"சரி," என்றார் அவர்.

டபுள் டப் என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். இங்கத்தைய பித்தளை பாண்டுகள் தெருவில் நடக்கும்போது விசில் கிடையாது. முன்னால் செங்கோல் போன்ற நீண்ட தடியோடு போகிறவர் கையால் சைகை காட்டுவார். பின்வரிசைகளுக்கு அது தெரியாது. அதனால் பெரிய டிரம்காரர் வழக்கமான நடை அடிகளுக்கு நடுவே அடுத்தடுத்து இரண்டு அடி கொடுப்பார். அதைக் கேட்டால் அந்த வரியின் முடிவில் எல்லாரும் ஊதுவதை நிறுத்தி வாத்தியத்தை இறக்க வேண்டும். கால்கள் மட்டும் நடக்கும். இருபது முப்பது வருடம் தெருவில் ஊதியவர்களுக்கு அது மூளைக்குப் போவதில்லை, நேராகக் கைக்குப் போகும்.

ஒத்திகையில் இது ஏன் வெளிப்படவில்லை என்று காயத்ரி கேட்பார். அதற்கும் காரணம் இருந்தது. போட்டிக்கு வைத்திருக்கிற பாட்டைப் போட்டி நாள்வரைக்கும் வெளியில் வாசிப்பதில்லை என்பது எங்கள் பாண்டின் வழக்கம். மற்ற பாண்ட்காரர்களின் காதுகள் நீளமானவை. எனவே பாட்டை உள்ளே கதிரையில் உட்கார்ந்து பழகினோம். நடையை முற்றத்தில் வெறும் டிரம் தட்டுக்குப் பழகினோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, ஊருக்கு வெளியே ஒரு திடலும் கேட்டு வைத்திருந்தார் மார்கரெட். அன்று விடியவிடியப் பிடித்த மழை மதியமாகியும் விடவில்லை. கதிரையில் இருக்கும்போது எல்லார் கண்ணும் மார்கரெட்டின் கையில் இருந்தது. டிரம் என்ன சொன்னாலும் கை ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்றாம் கட்டம் அருமையாகக் கேட்டது.

போட்டி நாளன்று நகரத்துத் தெருவில் நல்ல சனம். சியோனேயின் தேவாலயத்தில் இருந்து அறுபது எழுபது பேர் தொங்கா வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு வந்து நடைபாதை ஓரமாக நின்றார்கள். ஸ்விங் வாசிக்கப் போகிற முதல் பித்தளை பாண்டில் பெரிய டிரம் எங்கள் ஆள் என்று சொல்லி ஒருவரையொருவர் கூட்டி வந்திருந்தார்கள். நான் வாத்தியப் பெட்டிகளோடு நடைபாதையில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மார்கரெட் செங்கோலோடு முன்னால் வந்தார். முதல் நாற்பது கட்டமும் சொல்லி வேலையில்லை. தெருவில் நின்ற கிழவர்கள் தோளை ஆட்டத் தொடங்கினார்கள். தேவாலயத்துக்காரர்கள் இரண்டாம் அடிக்கும் நாலாம் அடிக்கும் சரியாகக் கைதட்டினார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. எனக்கு நெஞ்சு பொங்கியது. அப்போது சியோனே எங்களுக்கு நேரே வந்து, எழுதினபடி அடித்தார். டம் டம்.

வரி முடிந்தது. முழக்கம் வெடிக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட இருபது பேர் ஒழுங்காக, அழகாக, ஒரே கணத்தில் வாத்தியங்களை இறக்கினார்கள். பழையவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு கோர்னெட் குழல்காரரும் ஒரு டிரம்போன்காரரும் மட்டும் கன்னத்தை உப்பிக்கொண்டு, அந்தப் பெரிய முழக்கத்தைத் தனியாக முழங்கினார்கள். பிறகு அவர்களும் பயந்து நிறுத்தினார்கள். சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. மார்கரெட் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் அதற்கும் புள்ளி வெட்டுவார்கள். சியோனே நடை அடியை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். முப்பத்திரண்டு காலடி தூரம் வெறும் டிரம்மோடு நடந்த பிறகுதான் செங்கோல் உயர்ந்தது, வாத்தியங்கள் உயர்ந்தன, பாட்டு திரும்பப் பிடித்தது. தேவாலயத்துக்காரர்கள் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். சியோனேயின் மனைவி நிலத்தைப் பார்த்தார்.

எட்டு பாண்டுகளில் எட்டாவதாக வந்தோம். நடுவர் தாளில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: பெரிய டிரம் சைகை இல்லாமல் டபுள் டப் கொடுத்தது.

தாள்களைச் சேர்த்து அடுக்குகிறபோது மூத்த கோர்னெட்காரர் ஒருவர் எனக்கு அதை விளக்கினார். சியோனே பதறிப்போய் டபுள் டப் கொடுத்துவிட்டார், பாவம், பத்து வருடத்தில் இதுதான் முதல் தரம் என்றார். என் கையில் அப்போது சியோனேயின் தாள் இருந்தது. டிரம் பகுதிகளை நான் நேராக அவரவர் தாளில்தான் எழுதியிருந்தேன். மார்கரெட்டின் முழுப் பிரதியில் அந்த வரிகள் வெறுமையாக இருந்தன. அந்த இரண்டு அடியையும் எழுதியது யார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி என் பையில் இருந்த அந்தத் தாள்தான். என் சோதனைக் காலம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்தரைக்குப் பாண்ட் அறையில் குழுக் கூட்டம் என்றும், சியோனேயிடம் இருந்து பெரிய டிரம்மை வாங்கப் போகிறார்கள் என்றும் திங்கட்கிழமை கேள்விப்பட்டேன். சியோனேக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீ ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அடிச்சது நான்தானே."

"நான் எழுதினதைத்தானே அடிச்சனீ."

"உனக்கு இது வேலை. எனக்கு இது சனிக்கிழமை. விடு," என்றார்.

அது சனிக்கிழமை மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு அவர் தேவாலயத்துக்குப் போகவில்லை என்பதும் தெரியும். ரஞ்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போது பழம் பொதி செய்கிற இடத்தில் பகுதி நேரமாக வேலைக்கு நின்றாள்.

"என்னப்பா யோசிக்கிறியள்?" என்றாள். "வேலை போனால் நான் இன்னொரு ஷிப்ட் எடுக்கிறன். ரென்ற் எப்பிடியும் கட்டலாம். அந்த மனிசன்ர முகத்தை நாளைக்குக் கடையில கண்டால் என்ன செய்யப் போறியள்? மற்றப் பக்கம் திரும்புவியளோ?"

செவ்வாய்க்கிழமை போனேன். மேசையைச் சுற்றி ஐந்து பேர், நடுவில் மார்கரெட். சியோனே கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு அழைப்பில்லை. தாளை எடுத்து மார்கரெட்டின் முன்னால் வைத்தேன்.

"மேடம், சியோனே பிழை விடேல்லை. நாற்பத்தொண்டாம் கட்டத்தைப் பாருங்கோ. இந்த ரெண்டு அடியும் நான் எழுதினது. டபுள் டப் மாதிரி இருக்கு எண்டு அவர் முதலே சொன்னவர். நான்தான் எழுதினபடி அடி எண்டனான்."

மார்கரெட் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். ஒரு விரலால் மேசையில் நடையைத் தட்டிக்கொண்டு, பென்சிலால் அந்தக் கட்டத்தை அடித்துப் பார்த்தார். டம் டம். மேசையில் இருந்த ஒரு பழைய கோர்னெட்காரரின் கை தானாக அசைந்தது. அதைக் கண்டேன்.

"உமக்கு டபுள் டப் எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

"அப்ப தெரியாது மேடம்."

"தெரியாது எண்டு நீர் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்றார். குரலில் மாற்றமே இல்லை. "இந்த ஆறு மாசத்தில இதுதான் முதல் தரம்."

பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "ஆறு கிழமை இந்தப் பாட்டுக்கு முன்னால நிண்டு கை அசைச்சது நான். கதிரையில இருந்து கேட்டன், தெருவின்ர மற்றக் கரையில இருந்து கேக்கேல்லை. குழு ஆரையாவது மாத்த வேணுமெண்டால் என்னில இருந்து தொடங்கட்டும்." பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். "டிரம் சியோனேயிட்டயே இருக்கும். மிஸ்டர் அன்ரன், நாளைக்கு எட்டு மணிக்கு வாரும். இதைத் திருத்த வேணும். தாங்க் யூ."

வெளியே வந்ததும் சியோனே என் தோளில் கையைப் போட்டார். சரக்கு ஏற்றுகிற கை, கனமானது. "தேவையில்லாத வேலை பார்த்தாய்," என்றார். அதன் பிறகு கார்வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

புதன்கிழமை எட்டு மணிக்கு மார்கரெட்டும் நானும் சியோனேயும் பட்டறை மேசையில் இருந்தோம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார் சியோனே. உதையை எடுத்துவிடுவதா என்று மார்கரெட் கேட்டபோது, வேண்டாம் என்றது அவர்தான். "உதையைக் கைத்தாளத்துக்குக் குடுங்கோ. பெரிய டிரம் அந்த இடத்தில சும்மா நடக்கட்டும்," என்றார். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது. ஆனால் தெருவில் நடக்கிற பிக் பாண்டுக்கு அதுதான் அத்திவாரம். உட்கார்ந்திருக்கிற டிரம்காரரின் காலுக்கு எந்தச் சுதந்திரமும் உண்டு. தெருவில் அந்தக் கால் இருபத்தெட்டுப் பேருக்குக் கட்டளை இடுகிறது. அதற்கு விளையாட உரிமையில்லை. அந்த நாளுக்குப் பிறகு நான் எழுதிய எல்லாத் தாளிலும் முதலில் பெரிய டிரம் வரியைத்தான் பார்ப்பேன், அடுத்தடுத்து இரண்டு அடி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று.

பதினொரு நாளும் போனது. பன்னிரண்டாம் நாள் மார்கரெட் ஒரு கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிட்டு, வேலை நிரந்தரம் என்றுகூடச் சொல்லாமல், ஒரு நெளிந்த கோர்னெட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்றுதான் முதல் முறையாக அவரை மார்கரெட் என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமலே "என்ன?" என்றார்.

அடுத்த வருடம் அதே பாட்டு, அதே தெரு. திடல் ஒத்திகை நாலு முறை வைத்தோம், மழையிலும். தேவாலயத்துக்காரர்கள் திரும்பவும் வந்தார்கள், முந்திய வருடத்தை விட அதிகம் பேர். நாற்பத்தொன்றாம் கட்டத்தில் கைத்தாளம் இரண்டு உதை கொடுத்தது, பெரிய டிரம் நேராக நடந்தது, இருபத்தெட்டுப் பேரும் சேர்ந்து முழங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற சியோனேயின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். மூன்றாவதாக வந்தோம். முதலிடம் வழக்கம்போல ஒரு பழைய மார்ச்சுக்குத்தான். அதற்காக நாங்கள் கவலைப்படவில்லை. அடுத்த வருடங்களில் மற்ற பாண்டுகளும், பிறகு பெண்களின் அணிவகுப்புக் குழுக்களும் ஸ்விங் எழுதித் தரச் சொல்லிப் பட்டறைக்கு வரத் தொடங்கினார்கள். அடுத்த பத்து வருடத்தில் எத்தனை பேருக்கு எழுதினேன் என்று கணக்கில்லை. மனம் நிறைய வேலை செய்தேன். இந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குப் பிரிவுபசாரம் வைத்தார்கள், அதே பாண்ட் அறையில். இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, ரஞ்சியின் பற்றிஸ், பெரிய கேத்தலில் தேத்தண்ணீர். மார்கரெட் தொண்ணூறை நெருங்கியவர், முன்வரிசையில், காதில் பென்சிலோடு. சியோனே தலை நரைத்தவர், பின்னால் தன் டிரம்முக்குப் பக்கத்தில். நான் நாலு தாளில் பேச்சு எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் தாளில் கொழும்பு, இரண்டாம் தாளில் பட்டறை, மூன்றாம் தாளில் அந்தக் கசற். மூன்றாவதை முடித்து நாலாவதை மேலே எடுத்தேன்.

பின்னால் இருந்து டம் டம்.

அறையில் இருந்த பழையவர்கள் எல்லாரும் கையில் இருந்த கோப்பைகளையும் தட்டுகளையும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள். பிறகு சிரிப்பு எழுந்தது, நானும் சிரித்து, தாளை மடித்துப் பையில் போட்டேன். பேச்சு நீண்டுவிட்டதால் நிறுத்தினார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நாலாம் தாள் முழுக்கத் தன்னைப் பற்றியது என்று சியோனேக்குத் தெரியும். ஒரு தாளை எழுதினால் முதலில் அவரிடம் காட்டுவது என்ற பழக்கத்தை நான் அதுவரை விடவில்லை.

அந்த நாலாம் தாளில் இருந்ததைத்தான் இப்போது இங்கே எழுதியிருக்கிறேன். சியோனேக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்த முறை அவரால் என்னை நிறுத்த முடியாது.